கோவைக்கு ஐக்கியா வருமா? அதை நம்பி நிலத்தைப் போட்டு வைக்கலாமா?

வாசகர் கடிதம்: "கோவை சரவணம்பட்டியில் வசிக்கிறேன். நீலாம்பூர் அருகே புறவழிச்சாலையை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு மூன்றரை ஏக்கர் பூர்விக நிலம் இருக்கிறது. ஒரு கிடங்கு நிறுவனம் அதை ஐந்து ஆண்டுக் குத்தகைக்குக் கேட்கிறது. ஆனால் ஐக்கியா போன்ற பெரிய ஃபர்னிச்சர் கடை கோவைக்கு வரப்போவதாகவும், இரண்டு ஆண்டுகளுக்கு வேறு யாருக்கும் கொடுக்காமல் தன்னிடம் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும்படியும் ஒரு தரகர் வற்புறுத்துகிறார். காந்திபுரத்தில் ஃபர்னிச்சர் கடை நடத்தும் என் சித்தப்பா, அப்படி ஒரு கடை வந்தால் தன் தொழில் என்னாகும் என்று கலங்குகிறார். எங்கள் குடியிருப்போர் சங்கமோ, அந்தக் கடையைக் கோவைக்குக் கொண்டுவரச் சொல்லி அரசுக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறது. இவ்வளவு வளர்ந்துவிட்ட ஊருக்கு அது வருமா, வராதா? நான் என்ன செய்ய வேண்டும்?"

பதில்: வணிக நிறுவனங்களுக்குக் கடை அமைக்க இடம் ஆராய்ந்து சொல்வது என் தொழில் என்பதால், உங்கள் கேள்விக்கு முதலில் நேரடியாகவே விடை சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் இருப்பது போன்ற நான்கு லட்சம் சதுர அடிக் கடை ஒன்று அடுத்த சில ஆண்டுகளில் கோவைக்கு வரும் என்று நான் கருதவில்லை. ஒரு வணிக வளாகத்துக்குள் அடங்கும் சிறிய கடையாகவும், அதற்கு முன்னரே இணையவழி விற்பனையாகவும் வருவதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. அந்த இரண்டு வடிவங்களுக்குமே புறவழிச்சாலையில் இருக்கும் உங்கள் நிலம் தேவைப்படாது. ஆகவே தரகரின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டாம். இந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்பதை விளக்கினால்தான் உங்கள் சங்கத்துக்கும் சித்தப்பாவுக்கும் சொல்ல வேண்டியவை தெளிவாகும்.

ஒற்றை முத்திரைச் சில்லறை வணிகத்தில், அதாவது ஒரே பிராண்டின் பொருட்களை மட்டும் விற்கும் கடைகளில், நூறு சதவீத அந்நிய முதலீட்டை மத்திய அரசு அனுமதித்தது 2012 ஜனவரியில். அந்நியப் பங்கு 51 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதலில் 30 சதவீதத்தை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. அதே ஆண்டில் ஐக்கியா 10,500 கோடி ரூபாய் முதலீட்டில் 25 கடைகள் திறப்பதாக விண்ணப்பித்தது. 2013-ல் ஒப்புதல் கிடைத்தது. முதல் கடை ஹைதராபாத் ஹைடெக் சிட்டியில் திறக்கப்பட்டதோ 2018 ஆகஸ்ட் 9-ஆம் தேதிதான். அதன் பிறகு நவி மும்பை துர்பேயில் 2020 டிசம்பரிலும், பெங்களூரு நாகசந்திராவில் மெட்ரோ நிலையத்தை ஒட்டி 2022 ஜூனிலும் பெரிய கடைகள் வந்தன. விண்ணப்பித்ததிலிருந்து பத்து ஆண்டுகளில் மூன்று பெரிய கடைகள் என்பதுதான் அந்த நிறுவனத்தின் நடைவேகம்.

அந்த மூன்று ஊர்களையும் 2011 கணக்கெடுப்பின் நகர்த்திரள் (நகரமும் அதை ஒட்டி வளர்ந்த பகுதிகளும் சேர்ந்தது) மக்கள்தொகையோடு வைத்துப் பாருங்கள். மும்பை ஒரு கோடியே 84 லட்சம். பெங்களூரு 85 லட்சத்துக்கு மேல். ஹைதராபாத் ஏறத்தாழ 77 லட்சம். நம் சென்னைக்கு அந்தக் கணக்கில் 87 லட்சம். அந்தச் சென்னையிலேயே இதை எழுதும்வரை அப்படி ஒரு பெரிய கடை இல்லை. ஒரு கோடியே 41 லட்சம் பேர் வாழும் கொல்கத்தாவிலும் இல்லை. கோவைக்கு ஏன் வரவில்லை என்று வருந்தும் உங்கள் சங்கத்தார், சென்னைக்கே இன்னும் வரவில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். கோவையை யாரும் ஒதுக்கிவிடவில்லை. அந்த அளவுக் கடையைத் தாங்கும் கணக்கு மிகச் சில ஊர்களில்தான் நேராகிறது.

அந்தக் கணக்கு என்ன என்பதை ஹைதராபாத் கடையைக் கொண்டு சொல்கிறேன். 13 ஏக்கர் நிலத்தில் நான்கு லட்சம் சதுர அடிக் கட்டடம், சுமார் 7,500 வகைப் பொருட்கள், ஆயிரம் பேர் அமர்ந்து சாப்பிடும் உணவகம் ஆகியவற்றோடு அதைத் திறந்தபோது, ஆண்டுக்கு 70 லட்சம் பேர் வரை வருவார்கள் என்று நிறுவனம் எதிர்பார்த்தது. கோவை மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகை 2011-ல் 34.6 லட்சம். அதே எண்ணிக்கையை இங்கே எட்ட வேண்டுமானால், வால்பாறையில் இருக்கும் தோட்டத் தொழிலாளி முதல் தொட்டிலில் கிடக்கும் குழந்தை வரை ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இருமுறை கடைக்கு வந்தாக வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் கட்டிலும் சோபாவும் வாங்குவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலோர் தட்டு, துணிமாட்டி, மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, மெழுகுவத்தி, குழந்தைக்கு ஒரு பொம்மை என்று வாங்கி, உணவகத்தில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். இருநூறு ரூபாய்க்கு உட்பட்ட பொருட்கள் ஆயிரம் இருக்கும் என்று ஹைதராபாத்தில் அவர்களே முன்வைத்து விளம்பரம் செய்தது அதனால்தான். அந்தக் கூட்டத்தில் ஒரு சிறு பகுதியினர் பெரிய சாமான்கள் வாங்கினால் போதும் என்பது அந்தத் தொழிலின் அமைப்பு. ஆனால் அதற்குக் கூட்டம் பெரும் கூட்டமாக இருக்க வேண்டும்.

மேலும், இந்தியாவில் அந்த நிறுவனம் இன்னும் லாபத்துக்கு வரவில்லை. 2023-24 நிதியாண்டில் அதன் விற்பனை வருவாய் சுமார் 1,800 கோடி ரூபாய். நிகர இழப்பு சுமார் 1,300 கோடி. இறக்குமதியாகும் ஃபர்னிச்சருக்கான சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 25 சதவீதமாக உயர்ந்ததும், நிலத்தின் விலையும் சேர்ந்து, வேறு நாடுகளில் மலிவு என்று பெயர் எடுத்த பொருட்களை இங்கே மலிவாக விற்பதைக் கடினமாக்கியிருக்கின்றன. இப்படி நீண்டகால நோக்கில் இழப்பைத் தாங்கிக்கொண்டிருக்கும் நிறுவனம் அடுத்த பெரிய கடையை வைக்கும் இடத்தை ஒருமுறைக்கு நான்கு முறை எடைபோட்டுத்தான் தேர்ந்தெடுக்கும்.

இதனால் கோவை பலவீனமான சந்தை என்று பொருளாகிவிடாது. எங்கள் தொழிலில் நகராட்சி எல்லையை வைத்து ஊரை அளப்பதில்லை; காரில் ஒரு மணி நேரத்துக்குள் கடையை எட்டக்கூடியவர்கள் எத்தனை குடும்பம் என்றுதான் பார்ப்போம். அப்படிப் பார்த்தால் கோவை நகர்த்திரளின் 21 லட்சத்தோடு, ஐம்பது கிலோமீட்டரில் இருக்கும் திருப்பூரின் ஒன்பதரை லட்சமும் (இரண்டும் 2011 கணக்கு), பொள்ளாச்சியும் மேட்டுப்பாளையமும் அவிநாசியும், வாளையாறு தாண்டினால் பாலக்காடும் சேர்ந்துவிடுகின்றன. பாலக்காட்டுக் குடும்பங்கள் நகைக்கும் துணிக்கும் மருத்துவத்துக்கும் கோவைக்கு வருவது இன்று நேற்றுத் தொடங்கிய வழக்கமும் இல்லை. எல்லைக்குள் இருப்பவர்களை மட்டும் எண்ணினால் என்னாகும் என்பதை மெட்ரோ விஷயத்தில் கண்டோம். 2025 நவம்பரில் கோவை மெட்ரோ திட்டத்தை மத்திய அரசு திருப்பியனுப்பியபோது, 2011 கணக்கின்படி மாநகராட்சியின் மக்கள்தொகை 20 லட்சத்துக்குக் குறைவு என்பதையே ஒரு காரணமாகச் சுட்டியது. அந்தக் கணிப்பு ஊரின் உண்மையான வீச்சைக் காட்டவில்லை என்பது என் கருத்து. ஒரு தனியார் வணிக நிறுவனம் அப்படி எண்ணாது. திருப்பூரையும் பாலக்காட்டையும் சேர்த்துத்தான் எண்ணும். அப்படி எண்ணினாலும் வருவது ஹைதராபாத்தின் பாதியை ஒட்டிய தொகைதான்.

தலைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் முக்கியமானது, அந்தக் குடும்பங்கள் ஃபர்னிச்சருக்குச் செலவிடும் முறை. இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். கோவையில் சொந்த வீடு கட்டும் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பூச்சு வேலை முடியும் தறுவாயிலேயே ஆசாரி வந்து அளவெடுத்துவிடுவார். சுவரில் இடம் விட்டுக் கடப்பாக் கல் பலகை பதித்த அலமாரிக்குக் கதவு, அதற்கு மேல் லாஃப்டுக்குக் கதவு, சமையல் மேடைக்குக் கீழே இழுப்பறைகள், டிவி வைக்க ஒரு சுவர்ப்பலகை, பூஜை அறைக்குத் தேக்குக் கதவு என்று வீட்டோடு வீடாகவே வேலை முடிந்துவிடும். முக்கால் அங்குல ப்ளைவுட், அதன்மேல் மைக்கா, கரையான் மருந்து, ஆசாரியின் கூலி எல்லாம் கட்டுமானச் செலவிலேயே, பல வேளைகளில் வீட்டுக்கடனிலேயே அடங்கிவிடும். அந்தக் குடும்பத்துக்குப் பிறகு கடையில் வாங்க மிஞ்சுவது சோபா, சாப்பாட்டு மேசை, கட்டில் மட்டுமே. தனியாக நிற்கும் துணி அலமாரியும் புத்தக அலமாரியும் சமையலறைப் பெட்டிகளும்தான் இத்தகைய நிறுவனங்களின் முதுகெலும்பு. அவற்றுக்கு அந்த வீட்டில் இடமே இருக்காது.

கட்டிலுக்கும் பீரோவுக்கும் இன்னொரு வழி இருக்கிறது. கல்யாணச் சீரில் வரும் கட்டிலைப் பார்க்க வரும் உறவினர்கள் முதலில் கேட்பது "தேக்கா?" என்றுதான். மரத்தூளை அழுத்திச் செய்த பலகையின் மேல் தாள் ஒட்டிய கட்டில் எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்த இடத்தில் பெண் வீட்டார் அதை வைக்கத் தயங்குவார்கள். இதைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. முப்பது ஆண்டு உழைக்க வேண்டும், பிறகு பிள்ளைகளுக்கும் போக வேண்டும் என்று எண்ணி வாங்குகிறவர்களுக்குக் கனமான மரம் ஒரு நியாயமான தேர்வு. ஐக்கியாவில் விற்பது போல, துண்டுகளாகப் பெட்டியில் வந்து வீட்டில் பொருத்திக்கொள்ளும் சாமானின் மலிவு வேறொரு வாழ்க்கை முறையைக் கருதிச் செய்யப்பட்டது. மூன்று கதவு அலமாரி ஒன்று ஆள் உயரத்துக்கு மேற்பட்ட நீளப் பெட்டிகள் சிலவாக வரும். இருசக்கர வாகனத்தில் ஏறாது, குழந்தைகளோடு வந்த சிறிய காரிலும் ஏறாது. விநியோகத்துக்கும் பொருத்துவதற்கும் தனிக் கட்டணம் கொடுத்தால் அந்த மலிவில் ஒரு பங்கு கரைந்துவிடும். வீடு மாறும்போது கழற்றி மறுபடி பூட்டினால், மரத்தூள் பலகையில் திருகாணி பழைய பிடிப்போடு நிற்பதும் அரிது.

அந்த வாழ்க்கை முறைக்கு உரியவர்களும் கோவையில் பெருகி வருகிறார்கள் என்பதே உங்கள் ஊருக்கு வாய்ப்பு. உங்களைச் சுற்றியுள்ள சரவணம்பட்டி, கீரணத்தம், விளாங்குறிச்சி, காளப்பட்டி வட்டாரத்தில் மென்பொருள் நிறுவனங்களை நம்பிக் குடியேறியவர்கள் வாடகை அடுக்ககங்களில் இருக்கிறார்கள். ஆசாரியை வரவழைத்துச் சுவரில் அடித்துக்கொள்ள வீட்டு உரிமையாளர் விடமாட்டார். இரண்டு மூன்று ஆண்டுகளில் வேறு ஊருக்கு மாற்றலாகலாம். அவர்களுக்குக் கைக்கு எட்டும் விலையில் படிக்கும் மேசை, மடக்கு நாற்காலி, சிறிய அலமாரி எல்லாம் உடனே வேண்டும். இப்படிப்பட்ட குடும்பங்கள் ஓர் எண்ணிக்கையைத் தாண்டும்போதுதான் நிறுவனம் வரும். ஊர் எவ்வளவு வளர்ந்தது என்பதைவிட, புதிதாகக் குடித்தனம் தொடங்குகிறவர்கள் ஆண்டுக்கு எத்தனை பேர் என்பதே அவர்கள் பார்க்கும் அளவு.

வளர்ச்சி மட்டுமே ஒரு பெரிய கடையைக் கொண்டுவந்துவிடாது என்பதற்கு அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அங்கே நாஷ்வில், மெம்ஃபிஸைவிடப் பெரிய பெருநகரப் பகுதி; வேகமாக வளர்ந்ததும் அதுதான். ஆனால் ஐக்கியா கடை முதலில் வந்தது மெம்ஃபிஸுக்கு, 2016 டிசம்பரில். உள்ளூர் நிர்வாகம் வரிச்சலுகையும் கொடுத்திருந்தது. நாஷ்விலுக்குக் கடை வருவதாக 2017-ல் அறிவித்தார்கள். ஊரே கொண்டாடியது. அடுத்த ஆண்டே அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். வட கரோலினாவின் கேரி நகரத்துக்கு அறிவித்திருந்ததையும் அப்போதே கைவிட்டார்கள். இரண்டு ஊர்களிலும் குறை ஏதும் நேர்ந்துவிடவில்லை. வாடிக்கையாளர்கள் இணையத்துக்கு நகர்ந்ததால், ஊருக்கு வெளியே பெரிய பெட்டி போன்ற கடைகளைக் கட்டும் முறையையே நிறுவனம் மாற்றிக்கொண்டது. திறந்த கடைக்கும் உத்தரவாதம் கிடையாது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகர மையத்தில் 2007-ல் திறந்த பல மாடிக் கடையை 2020-ல் மூடிவிட்டார்கள். நிறுவனமே அறிவித்த திட்டங்கள் இப்படி மாறக்கூடும் என்றால், ஒரு தரகர் வாய்மொழியாகச் சொல்வதற்கு என்ன மதிப்புக் கொடுப்பது என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளலாம்.

அந்த மாற்றம் இந்தியாவிலும் தெரிகிறது. மும்பை வோர்லியில் 2021-லும், காட்கோபரின் ஆர் சிட்டி வணிக வளாகத்தில் 2022-லும் திறந்தவை பெரிய கடையின் ஐந்தில் ஒரு பங்கு அளவிலானவை. டெல்லி தாகூர் கார்டனில் 2025-ல் ஒரு வணிக வளாகத்துக்குள் திறந்தது 15,000 சதுர அடி மட்டுமே. இன்னொன்றையும் கவனியுங்கள். மும்பையில் இணையவழி விற்பனை 2019 ஆகஸ்டில் தொடங்கியது, கடை 2020 டிசம்பரில் வந்தது. டெல்லியிலும் 2025-ல் முதலில் இணையம், சில மாதங்கள் கழித்துக் கடை. எந்தப் பகுதியில் என்ன விற்கிறது என்பதை இணையத்தில் அறிந்துகொண்டு பிறகு கடை வைப்பது அவர்கள் முறை. கோவைக்கு வந்தாலும் இந்த வரிசையில்தான் வரும் என்று எதிர்பார்க்கிறேன். அப்படி வரும்போது அவிநாசி சாலையிலோ சத்தி சாலையிலோ உள்ள வணிக வளாகத்தில், ஏற்கெனவே கூட்டம் வரும் தளத்தைத்தான் வாடகைக்கு எடுப்பார்கள். கோல்டுவின்ஸிலிருந்து உப்பிலிபாளையம் வரையிலான மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட பிறகு, நகரத்துக்குள் வந்து போவது முன்பைவிட எளிதாகியிருப்பதும் அந்தத் தேர்வுக்கே துணையாகும்.

ஐக்கியா அல்லாத பிற நிறுவனங்களையும் சேர்த்தே சொல்கிறேன். இலங்கையைச் சேர்ந்த டாம்ரோ, பெங்களூரின் ராயல் ஓக், நீல்கமல், ஹோம் சென்டர் போன்றவை நடுத்தர வருமானக் குடும்பங்களை நோக்கி விற்பவை. அவற்றுக்கும் வேண்டியது பிரதான சாலையைப் பார்த்த, கட்டி முடித்த தளம். காலி நிலம் அவற்றுக்குத் தேவைப்படாது. சரி, நாமே உரிமம் வாங்கி ஐக்கியா கடை நடத்தலாமா என்று உங்களுக்குத் தோன்றியிருந்தால், அதற்கும் வழியில்லை. வளைகுடா நாடுகளில் உள்ளூர்க் குழுமங்கள் உரிமம் பெற்று நடத்துகின்றன. இந்தியாவில், உலகின் பெரும்பாலான ஐக்கியா கடைகளை நடத்தும் இங்கா குழுமமே நேரடியாக நடத்துகிறது.

இனி உங்கள் நிலம். ஹைதராபாத் கடைக்கு 13 ஏக்கர் தேவைப்பட்டது. அதுவும் மாநில அரசின் தொழில் உள்கட்டமைப்புக் கழகத்தின் வழியாக, வில்லங்கமில்லாமல் ஒரே துண்டாகக் கிடைத்தது. உங்களிடம் இருப்பது மூன்றரை ஏக்கர். பக்கத்து நிலங்களைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தரகர் சொல்வாரானால், எத்தனை பட்டாதாரர்கள், எத்தனை வாரிசுகள், யார் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நீலாம்பூரிலிருந்து மதுக்கரை வரை 28 கிலோமீட்டர் செல்லும் அந்தப் புறவழிச்சாலை நெடுங்காலமாக இருவழிப் பாதையாகவே இருந்து, விபத்துகளுக்குப் பெயர்பெற்றது. வார இறுதியில் குழந்தைகளோடு ஆயிரக்கணக்கான கார்கள் உள்ளே திரும்பி வெளியே வரும் தொழிலுக்கு, அணுகுசாலை இல்லாத இருவழிப் பாதை ஒத்துவராது. அங்கே லாரி வந்து போகும் கிடங்குக்குத் தேவை இருக்கிறது. அதைத்தான் ஒரு நிறுவனம் உங்களிடம் கேட்டிருக்கிறது.

தரகர் உண்மையிலேயே யாரோ ஒரு நிறுவனத்துக்காகப் பேசுகிறார் என்றால், அந்த நிறுவனம் தன் முகவரித்தாளில் அவருக்குக் கொடுத்த நியமனக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெரிய நிறுவனங்கள் நிலம் தேடும் பொறுப்பைச் சொத்து ஆலோசனை நிறுவனங்களிடம் எழுத்து மூலமாகவே ஒப்படைக்கும். பெயரை மறைக்க வேண்டியிருந்தாலும், இரகசியக் காப்பு உடன்பாட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பேசும். நிலத்தை இரண்டு ஆண்டு ஒதுக்கி வைக்கச் சொல்கிறவர், அந்த இரண்டு ஆண்டுக்கு உங்களுக்கு என்ன தருகிறார் என்று கேளுங்கள். ஒன்றும் தராமல் உங்கள் கையைக் கட்டுகிற ஒப்பந்தம் உங்களுக்குச் சாதகமானதல்ல. பவர் பத்திரம் எதற்கும் இணங்காதீர்கள்.

கிடங்கு நிறுவனத்தோடு பேச்சைத் தொடருங்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்தே ஆக வேண்டும்; பதிவு செய்யாத தாளை நம்பி அவர்களைக் கட்டடம் எழுப்ப விட்டுவிடாதீர்கள். ஐந்து ஆண்டுக் குத்தகையில் முதல் மூன்று ஆண்டு இரு தரப்பும் விலக முடியாது என்றும், அதன் பிறகு ஆறு மாத அறிவிப்புக் கொடுத்து நீங்களும் விலகலாம் என்றும் ஒரு விதியைக் கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் விலகும் உரிமையைக் குத்தகைதாரருக்கு மட்டும் வைத்து எழுதியிருப்பார்கள். உங்களுக்கும் அது இருந்தால், நாளை உண்மையான நிறுவனம் ஒன்று வந்தாலும் நிலம் உங்கள் கையில் இருக்கும். கையெழுத்துக்கு முன், கோவைக்கான 2041 முழுமைத் திட்டத்தில் உங்கள் புல எண் எந்த நில வகைப்பாட்டில் காட்டப்பட்டிருக்கிறது என்பதை நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விவசாய வகைப்பாட்டில் இருக்கும் நிலத்தில் கிடங்குக்கும் கடைக்கும் முதல் தடையாவது அதுதான்.

உங்கள் சங்கத்தார் எழுதும் மனுவைப் பற்றி. கோவைக்கு இந்தக் கடை வேண்டும் என்று மட்டும் எழுதினால், அது கோப்பில் ஒரு தாளாகப் போய்ச் சேரும். மனுவோடு எண்கள் போக வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளில் ஆண்டுதோறும் கொடுக்கப்பட்ட புதிய வீட்டு மின் இணைப்புகள், மாநகராட்சியில் புதிதாகச் சொத்துவரி விதிக்கப்பட்ட குடியிருப்புகள், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான அடுக்ககத் திட்டங்கள் ஆகியவற்றைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கோவைக்கும் திருப்பூருக்கும் சேர்த்து வாங்கி இணையுங்கள். 2011 கணக்கெடுப்பு சொல்லாத கோவையை அந்த எண்கள் சொல்லும். கடைக்கு மட்டுமல்லாமல் மெட்ரோ போன்ற கோரிக்கைகளுக்கும் அவை உதவும்.

கோரிக்கையையும் சற்று அகலப்படுத்துங்கள். கடை வந்தால் சில நூறு வேலை; கொள்முதல் வந்தால் அதைவிடப் பெரிது. இந்தியாவில் கடை திறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இந்த நிறுவனம் இங்கிருந்து பொருள் வாங்கி உலகெங்கும் விற்றுவருகிறது. கரூரின் வீட்டுத் துணிகள் அந்த வழியில் போகின்றன. பொள்ளாச்சியில் தென்னை நாரும், கோவையில் வார்ப்படப் பட்டறைகளும் உலோக வேலைத் திறனும் இருக்கின்றன. தூத்துக்குடியில் 2022-ல் அடிக்கல் நாட்டப்பட்ட பன்னாட்டு ஃபர்னிச்சர் பூங்காவுக்குச் சுமார் 1,150 ஏக்கர் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பூங்காவோடு கொங்குப் பகுதியின் சிறு தொழிற்கூடங்களை இணைக்கும் பயிற்சியும் தரச்சோதனை வசதியும் கோவையில் வேண்டும் என்று கேளுங்கள். அது அரசின் கையில் இருப்பது, செய்யக்கூடியது. ஒரு தனியார் கடையின் இடத்தேர்வு அரசின் கையில் இல்லை. வரிச்சலுகை கொடுத்து இழுக்கச் சொல்லி எழுதுவதை நான் ஏற்கவில்லை. உங்கள் சித்தப்பாவைப் போன்றவர்கள் முழு வரியும் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே தொழில் செய்கிறார்கள்.

அவருடைய கவலை நியாயமானது. சிறிய கடையாக வந்தாலும் போட்டி இருக்கும். முதலில் பாதிக்கப்படுவது, வெளியூரிலிருந்து வரவழைத்து விற்கும் மலிவான ரெடிமேட் மேசை, நாற்காலி, கணினி மேசை வகைகள்; அவற்றில் புதிதாகப் பணம் முடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். தேக்குக் கட்டில், சீர்வரிசைச் சாமான், வீட்டு அளவுக்குச் செய்து தருவது ஆகிய மூன்றும் அவர் கையில் நிற்கும். வாங்கிய இரண்டாம் நாளே கொண்டுவந்து பொருத்தித் தருவதும், ஓராண்டு கழித்துக் கதவு தொங்கினால் ஆள் அனுப்புவதும் தொலைவிலுள்ள நிறுவனத்தால் எளிதில் ஈடுசெய்ய முடியாத சேவைகள். ஆனால் ஒன்றில் அவர் மாறியாக வேண்டும். இளம் தம்பதியர் பேரம் பேசக் கூச்சப்படுகிறார்கள். விலை எழுதியிராத கடைக்குள் நுழையவே தயங்குகிறார்கள். ஒவ்வொரு பொருளிலும் என்ன மரம், என்ன அளவு, எத்தனை ஆண்டு உத்தரவாதம், வரியோடு சேர்த்து என்ன விலை என்று ஒரு சீட்டு எழுதி மாட்டச் சொல்லுங்கள். அதை இந்த ஆடித் தள்ளுபடிக்கே தொடங்கிவிடலாம்.